என் மகனைப் பற்றி வானொலியில் பேசாதே

லெவுக்கா
12 ஏப்ரல் 1981

அன்புள்ள தம்பி பொனிபாத்தேவுக்கு,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். என் மகன் லெயோனேயின் பெயரை வானொலியில் அடிக்கடி சொல்லும்படி நான் உனக்கு எழுதிக் கேட்பதாகச் சுவா சந்தையில் பேசிக்கொள்கிறார்களாம். படகில் வந்த மீன்காரி சொன்னாள். நான் அப்படி ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். கேட்கிறவர்களிடம் நீ அதைச் சொல்ல வேண்டும்.

நான் சுகமாக இருக்கிறேன். மழை வந்தால் இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். உன் மனைவி மெரேசேனிக்குச் சர்க்கரை குறைந்ததா?

சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் உன் வர்ணனையை முழுவதும் கேட்டேன். நீ லெயோனேயை மூன்று முறை சுறா என்றாய். சுறாவைப் பார்க்க வேண்டுமானால் நான் துறைக்குப் போய்க்கொள்கிறேன். அவன் எதிராளியைத் தடுத்தால் தடுத்தான் என்று சொல், போதும். அவன் அணி இந்தத் தீவின் அணி; நீயும் இங்கே பிறந்தவன். பதினைந்து வருஷம் சுவாவில் துறைமுக அணிக்கு ஆடியவன். உன் வாயில் யார் பெயர் இனிக்கிறது என்று இரண்டு ஊரும் காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சீனர் கடையில் ஒருவன் என் முதுகுக்குப் பின்னால், "தாய்மாமன் கையில மைக் இருந்தா நொண்டியும் ஓடுவான்" என்றான். நான் அரிசியை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அக்காவும் தம்பியும் நேரில் பேசக் கூடாது என்பது நம் குல வழக்கம், நாமும் பேசுவதில்லை. அம்மாவின் சாவு வீட்டில்கூட நீ ஒரு கதவால் வந்தாய், நான் மறு கதவால் வெளியேறினேன். ஆனால் நீ வானொலியில் என் மகனைப் புகழும்போது, அடுக்களையில் நிற்கும் என்னைப் பார்த்தே பேசுவதுபோல் இருக்கிறது. எனக்கு முகம் கூசுகிறது. மைக் பிடிக்கிறவனுக்கு அக்கா இல்லை, மருமகன் இல்லை. என் மகனைப் பற்றி வானொலியில் பேசாதே.

ஈஸ்டர் வாழ்த்துகளுடன்,
உன் அக்கா
அகோசிட்டா


சுவா
26 ஏப்ரல் 1981

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். மெரேசேனி நலம், இனிப்பை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறாள். உங்கள் இடுப்புக்கு எண்ணெய் அனுப்புகிறேன். வாசனையைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. இந்த மாதம் நிலையத்துக்கு என்னைப் பற்றி நாற்பத்தொரு புகார்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் நான் தீவுக்காரன் என்கிறார்கள், பாதிப் பேர் துறைமுகத்துக்கு விலைபோனவன் என்கிறார்கள். நிலைய அதிகாரி அவற்றை இரண்டு கட்டாக மேசையில் வைத்து, "ரெண்டு கட்டும் ஒரே உசரம் இருக்கிறவரைக்கும் ஒனக்கு வேலை இருக்கு, பொனி. ஒண்ணு சாஞ்சா நீயும் சாஞ்சே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன வாரம் எங்கள் தகரக் கூரையில் கல் விழுந்தது. எந்தக் கட்டிலிருந்து வந்த கல் என்று தெரியவில்லை.

விளையாடும்போது மண்டை உடைந்தாலும் பயம் இருந்ததில்லை அக்கா. இப்போது ஒரு வார்த்தை தவறிவிடுமோ என்று சனிக்கிழமை காலையில் சோறு இறங்குவதில்லை.

இனி அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏழாம் எண் என்று மட்டும் சொல்வேன், அதுவும் வேறு வழி இல்லாதபோது.

உங்கள் செபத்தில் எங்களையும் நினையுங்கள்.
தம்பி
பொனிபாத்தே


லெவுக்கா
17 மே 1981

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் வந்தது. வாசனை மோசம், குணம் உண்டு. மெரேசேனி தேநீரில் சர்க்கரையை விட்டாளா?

நேற்றைய வர்ணனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏழாம் எண் என்று நான்கே முறை சொன்னாய், அதுவும் காற்றையும் வெயிலையும் சொல்கிற குரலில். கடையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. இந்த முறை அரிசி வாங்கி வந்தேன்.

லெயோனேவுக்குத்தான் வருத்தம். "மாமாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்? எம் பேரே மறந்துபோச்சா அவருக்கு?" என்று கேட்டான். ஆட்டத்தைப் பார்க்க மைதானத்தில் ஆயிரம் கண்கள் இருக்கின்றன, மாமாவின் வாய் எதற்கு என்றேன். அவன் மனைவி வசீத்தி, மாமியாரும் மாமாவும் சேர்ந்து அவனுடைய புகழைக் கிணற்றில் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு நாக்கு நீளம். நல்ல பெண்தான்.

இப்படியே இரு. நான் உன்னைப் பற்றி வெட்கப்படவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆண்டவர் காப்பாராக.
அகோசிட்டா


சுவா
2 ஜூன் 1981

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் அங்கே நலமாக இருப்பீர்கள். உங்கள் பாராட்டை மெரேசேனி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பள்ளி விட்ட நாளிலிருந்து உங்களிடம் நான் வாங்கிய முதல் பாராட்டு இது என்கிறாள்.

புகார்க் கட்டுகள் இரண்டும் இளைத்துவிட்டன. ஏழாம் எண் கண்ணில் பட்டாலே வாய் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பழகிவிட்டது. சில நேரம் அவன் பக்கம் பார்ப்பதைக்கூடத் தவிர்க்கிறேன்.

அன்புடன்
பொனிபாத்தே


லெவுக்கா
28 ஜூலை 1981

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? என் நலத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை அரையிறுதியில் மேற்கு அணியை வென்றதற்காக நம் பிள்ளைகளைத் துறையிலிருந்து தோளில் தூக்கி வந்தார்கள். செப்டம்பர் 12ஆம் தேதி இறுதி ஆட்டம், உன் பழைய துறைமுக அணியோடு. ஊர் தூங்கவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை, ஆனால் வேறு காரணத்தால்.

முதல் பாதி முடிவதற்குச் சற்று முன், "ஏழாம் எண் தடுக்கிறார்" என்றாய். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது ஆரவாரம் அல்ல. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பது போன்ற சத்தம். உடனே நீ காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்றாய். பிறகு சம்பந்தமே இல்லாமல் 1966இல் பெய்த மழையைப் பற்றிச் சொன்னாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நகரவில்லை. கடைசியில் "ஆட்டம் தொடர்கிறது" என்றாய். இரண்டாம் பாதி முழுவதும் ஏழு என்ற எண்ணை நீ ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

லெயோனேயிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, புல் ஈரம், வழுக்கிடுச்சு" என்றான். பயிற்சியாளர் சகேயோவும் அதையே சொல்கிறார், அதே வார்த்தைகளில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். லெயோனே சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டான். அவன் அப்பா எமோசி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னேன் என்றான். வசீத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீ என்ன பார்த்தாய்?

அகோசிட்டா


சுவா
9 ஆகஸ்ட் 1981

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மெரேசேனிக்குக் காலில் புண்; ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். இங்கே மழை விடவே இல்லை. மரவள்ளி எல்லாம் அழுகிவிட்டதாகச் சந்தையில் புலம்புகிறார்கள். என் முழங்கால் மழைக்கு முந்தியே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. வானொலியை விட அது நம்பகமானது.

ஆட்டத்தில் அடிபடுவது சகஜம் அக்கா. நான் எத்தனை வாங்கியிருக்கிறேன். ஏழாம் எண் எழுந்து நன்றாகவே ஆடினார். வீண் கவலை வேண்டாம். நடுவரே ஒன்றும் சொல்லாதபோது நான் என்ன சொல்ல இருக்கிறது?

ஒரு டின் பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
பொனிபாத்தே


லெவுக்கா
16 ஆகஸ்ட் 1981

தம்பி,

மெரேசேனியின் காலுக்குப் பப்பாளி வைத்துக் கட்டு, ஆனால் டாக்டரை விட்டுவிடாதே. பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ மழை, மரவள்ளி, முழங்கால் என்று மூன்று பதில் எழுதியிருக்கிறாய். அவன் எழுந்து ஆடினான் என்கிறாய். அப்படியென்றால் கிடந்திருக்கிறான். எவ்வளவு நேரம்?

இங்கே நடப்பதை எழுதுகிறேன். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அவன் பகலில் சன்னலை மூடிவிடுகிறான். தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டு மறுபடியும் போடுகிறான். புதன்கிழமை துறையில் மூட்டை தூக்கும்போது உட்கார்ந்துவிட்டானாம். கூட இருந்தவர்கள் முந்தின இரவு குடித்த கவா வேர்ச்சாற்றின் மயக்கம் என்று கேலி செய்திருக்கிறார்கள். அவன் முந்தின இரவு கவா குடிக்கவே இல்லை. வசீத்தி இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, என்னை அவரு நேத்து வேற பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. யாரோ பொம்பளை பேரா இருந்தா சண்டை போட்டிருப்பேன். அது அவரோட செத்துப்போன சித்தி பேரு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துப் போனேன். டாக்டர் ராம்சரண் நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேச மாட்டார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார். விழுந்தபோது நினைவு போனதா என்று கேட்டார். லெயோனே இல்லை என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மா, இதை யாராவது பாத்தவங்க சொல்லணும். நெனவு போயிருந்தா அந்த மண்டை இன்னும் ஆறலை. ஆறாத மண்டையில இன்னொரு அடி விழுந்தா, நான் இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது." போன வருஷம் வேறொரு தீவில் ஒரு பையன் மைதானத்திலிருந்து தானே நடந்து வெளியே வந்து, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் இறந்தானாம்.

நினைவு போனது என்று சாட்சி இருந்தால், ரக்பி சங்கத்துக்கு எழுதி இந்த வருஷம் அவன் ஆடுவதை நிறுத்திவிடுவேன் என்கிறார். லெயோனே சொல்ல மாட்டான். சகேயோ சொல்ல மாட்டார். நடுவர் அப்போது பந்தின் பின்னால் இருந்தாராம். கையில் பைனாகுலரோடு உயரத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ ஒருவன்.

அகோசிட்டா


லெவுக்கா
23 ஆகஸ்ட் 1981

தம்பி,

திங்கள் படகும் வந்தது, வியாழன் படகும் வந்தது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மெரேசேனிக்குக் கால் மோசமாகிவிட்டதா? அதையாவது எழுது.

இன்று மதியம் அவன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு வயது மகன். பிறந்த முதல் மாதத்துக்குப் பிறகு நான் இப்படிச் செய்ததில்லை. விழித்துக்கொண்டு, "என்னம்மா?" என்றான். ஈ என்றேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பயிற்சி நாளை தொடங்குகிறது.

அகோசிட்டா


சுவா
30 ஆகஸ்ட் 1981

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மெரேசேனியின் கால் ஆறிவிட்டது. உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. இதைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

நான் பார்த்தேன். மேற்கு அணிக்காரனின் முழங்கால் லெயோனேயின் காதுக்கு மேலே இறங்கியது. அவன் கைகூட ஊன்றவில்லை. மரம் சாய்வதுபோல் விழுந்தான். வாய் திறந்திருந்தது. நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. வாய் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, உள்ளே எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். பிறகு சகேயோவின் ஆட்கள் இருவர் தண்ணீர் ஊற்றி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் மேற்கு அணி நின்ற பக்கம் போய் நின்றான். ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

என்னோடு வர்ணனை செய்கிறவர் என் முழங்கையை இடித்து, "சொல்லுய்யா" என்று சைகை காட்டினார். மைக் என் முன்னால் இருந்தது. சொன்னால், மருமகனுக்காகப் பரிந்து பேசி ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கிறான் என்பார்கள் என்று நினைத்தேன். புகார்க் கட்டுகளை நினைத்தேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தை நினைத்தேன் அக்கா. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். இறுதி ஆட்டம் துறைமுகத்தோடு. அவர்கள் பயப்படுவது ஏழாம் எண்ணுக்குத்தான். பதினைந்து வருஷம் அவர்கள் சட்டையைப் போட்டவன் எழுதிக் கொடுத்து அவனை வெளியேற்றினான் என்றால், நம் தீவில் நான் கால் வைக்க முடியுமா? அம்மாவின் கல்லறைக்கு விளக்கு ஏற்ற வர முடியுமா? இங்கே வேலையும் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் குரலைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது?

ஆனாலும் உங்கள் பேச்சைத் தட்ட முடியாமல் டாக்டருக்கு ஒரு தாள் எழுதி இணைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்னால் ஆகாது.

உங்கள் தம்பி
பொனிபாத்தே

(இணைப்பு)
டாக்டர் அவர்களுக்கு: 25 ஜூலை அன்று நடந்த அரையிறுதியில், முதல் பாதி முடியும் தறுவாயில், ஏழாம் எண் ஆட்டக்காரர் கீழே விழுந்ததாகத் தோன்றியது. அடிபட்டதாலா, வழுக்கியதாலா என்பதில் இரு வேறு கருத்துகள் இருக்கலாம். சிறிது நேரத்தில் அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார். இரு அணிகளும் சிறப்பாக ஆடின.
— பொனிபாத்தே, வர்ணனையாளர்


லெவுக்கா
6 செப்டம்பர் 1981

அன்புள்ள தம்பிக்கு,

மெரேசேனியின் கால் ஆறியதற்கு ஆண்டவருக்கு நன்றி. நான் சுகமாக இல்லை.

நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை நான் எரிக்கவில்லை. அதையும் உன் தாளையும் டாக்டர் ராம்சரணிடம் கொண்டுபோனேன். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல இருக்கிறது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று கேட்டார். அக்காவுக்கு எழுதிய கடிதத்தைச் சங்கத்தில் காட்டினால், பிள்ளையை ஆடவிட மனமில்லாத தாய் தம்பியை எழுத வைத்தாள் என்பார்களாம். டாக்டருக்கென்று எழுதிய தாளைக் காட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமாம். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் உன்னைப் பொய்யன் என்று சொல்லி இரண்டையும் தள்ளிவிடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை நான் சகேயோவின் பயிற்சி மைதானத்துக்கே போனேன். எமோசி வாத்தியாரின் விதவை ஆண்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் நின்று கேட்கிறாள் என்று எல்லோரும் பந்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டேன். சகேயோ மரியாதையாகத்தான் பேசினார். "வர்ணனை செஞ்ச ஒங்க தம்பியே ஒண்ணும் சொல்லலையேம்மா. பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டாரா? சொந்த மருமவனாச்சே" என்றார். உன் மௌனம் இந்த ஊரில் சாட்சியாகிவிட்டது, தம்பி. என் மகனுக்கு எதிரான சாட்சி. லெயோனே அங்கேயே நின்றுகொண்டிருந்தான். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான், அந்நியரிடம் பேசுவதுபோல். அதன்பின் என்னோடு பேசவில்லை.

நேற்று தபால் நிலையத்துக்குப் போய் உன் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்டேன். ஐம்பது வருஷ வழக்கத்தை மீறிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். "யாரு பேசறது?" என்றது உன் குரல். எனக்கு வாய் திறக்கவில்லை. மறுபடியும், "யாருங்க?" என்றாய். நான் கருவியை வைத்துவிட்டேன். மிரட்டுகிறவர்கள் யாரோ என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். அது நான்தான். மெரேசேனியிடம் சொல்.

ஆகவே எழுதுகிறேன். என்னால் முடிந்தது இதுதான்.

ஏப்ரலில் நான் உனக்கு எழுதியது தவறு. கடையில் ஒருவன் சொன்ன கேலிக்காக, என் முகம் கூசியதற்காக, உன் வாயைக் கட்டினேன். நடுநிலைமை என்று பெயர் வைத்தேன். அது என் கர்வம். நீ அக்கா சொல்லைத் தட்டாதவன் என்பது தெரிந்தே செய்தேன். மைக்கைப் பிடித்தவன் நீ, ஆனால் அந்த நாற்பத்திரண்டு விநாடியில் எனக்கும் பங்கு உண்டு. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். என்னை எரிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன். "தோன்றியது" வேண்டாம், உனக்குத் தோன்றவில்லை, பார்த்தாய். "இரு வேறு கருத்துகள்" வேண்டாம். முழங்காலுக்கும் காதுக்கும் நடுவில் கருத்துக்கு இடமில்லை. "சிறிது நேரம்" வேண்டாம், நீ எண்ணியிருக்கிறாய். கடைசி வரி முழுவதும் வேண்டாம். இரு அணிகளும் எப்படி ஆடின என்று டாக்டர் உன்னிடம் கேட்கவில்லை.

இதை எழுதினால் நீ இழக்கப்போவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தீவுக்காரர்கள் உன்னைத் துரோகி என்பார்கள். துறைமுகத்தார் உன்னைப் புகழ்வார்கள், அது அதைவிட மோசமாக இருக்கும். வேலை போகலாம். கல் வரும், என் கூரைக்கும் வரும். லெயோனே நம் இருவரையும் மன்னிக்காமலே இருந்துவிடலாம். அவன் நாற்பது வயதிலும், ஐம்பது வயதிலும் என்னை மன்னிக்காமல் இருக்கட்டும். அதற்கு நான் சம்மதிக்கிறேன்.

ஆட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. இந்தக் கடிதம் நாளைப் படகில் வருகிறது. வியாழன் படகில் உன் தாள் வந்தால் டாக்டர் வெள்ளிக்கிழமை காலையில் சங்கத்துக்குத் தந்தி கொடுப்பார். அதற்குப் பிறகு படகு இல்லை.

முழங்கால் எங்கே பட்டது, எத்தனை விநாடி கிடந்தான், யார் தூக்கினார்கள், எந்தப் பக்கம் போய் நின்றான். இவற்றை உன் முழுப் பெயரோடு, தேதியோடு, டாக்டர் ராம்சரணுக்கு எழுது. எழுத முடியாது என்றால் அதையும் எழுது. பதில் எதுவானாலும் எழுத்தில், வியாழன் படகில் அனுப்பு.

உன் அக்கா
அகோசிட்டா